வரவேற்புக்குப் பறை: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ராத்திரி

தம்பி: அக்காவின் கல்யாண வரவேற்புக்குப் பறையாட்டக் குழுவிடம் பேசிவிட்டேன். எட்டுப் பேர் வருகிறார்கள். நானும் கூட நின்று அடிப்பேன்.

அத்தை: பறையா? சாவு வீட்டில் அடிக்கிறதைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களா? நாதஸ்வரம்தான் சொல்லியாச்சே.

தம்பி: மார்கழி முழுக்க விடிகாலையில் எழுந்து பறை கேட்கிற ஆள் நீங்கள்தானே அத்தை?

அத்தை: நானா?

தம்பி: "நாராயணனே நமக்கே பறை தருவான்." திருப்பாவையின் முதல் பாசுரமே அதுதான்.

அத்தை: டேய், அது வேறு பறை. பெருமாளுக்குச் செய்கிற கைங்கரியம் என்று அர்த்தம். "இற்றைப் பறை கொள்வான் அன்றுகாண்" என்று 29ஆம் பாசுரத்தில் ஆண்டாளே சொல்லியாச்சு.

பெரியப்பா: உரைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், சரி. 26ஆம் பாசுரத்தைப் பாரும்மா. சங்கு, விளக்கு, கொடி, விதானம் எல்லாம் கேட்கிற வரிசையில் "சாலப் பெரும்பறையே" என்கிறாள். அது அடிக்கிற பறையேதான்.

அத்தை: 😐

சித்தி: அந்தப் பெயருக்கு என்னதான் அர்த்தம்?

பெரியப்பா: பறைதல் என்றால் சொல்லுதல். சேதி சொல்கிற கருவி, அதனால் பறை. மலையாளத்தில் இன்றைக்கும் "பறயு" என்றால் "சொல்லு"தான். யாழ்ப்பாணத்துக்காரர்களும் "சும்மா பறையாதை" என்பார்கள்.

சித்தி: ஆச்சி பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், வாசித்துக் காட்டினேன். "எங்க மார்த்தாண்டம் பக்கம் நாங்களும் அப்படித்தானே பறைவோம், இதுக்கா இவ்வளவு நேரம்?" என்கிறாள் 😂

நான்: குறளிலும் வருமே, "அறைபறை அன்னர் கயவர்". கேட்ட ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அடிக்கிற பறை மாதிரி என்று.

தம்பி: 1076ஆம் குறள். நிச்சயத் தேதியை நாங்கள் சொல்வதற்கு முன்னால் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொன்னது யார் சித்தி?

சித்தி: தெரியாமல் வாய் தவறிவிட்டது, விடுடா.

பெரியப்பா: தொல்காப்பியத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை சொல்லும்போது பறையும் கூடவே வரும். எந்த நிலத்துக்கு எந்தப் பறை என்று பெயர் சொல்வது உரைக்காரர்கள்: குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை. முல்லைக்கு ஏறுகோட்பறை, அதாவது காளையை அடக்கும்போது அடிப்பது. நெய்தலுக்கு மீன்கோட்பறை. சாவுக்கு மட்டும் என்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

அத்தை: அண்ணா, புத்தகத்தில் இருப்பது இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?

தம்பி: இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது அத்தை. கருவியின் பெயரை ஒரு சாதிக்குப் பெயராக்கி, சாவுக்கு அடிப்பதை அவர்கள் தலையில் கட்டாய வேலையாகக் கட்டி, அப்புறம் கருவியையே தீட்டு என்றோம். ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவனைப் "பரையா" என்கிறானே, அந்தச் சொல் போனது இங்கிருந்துதான். இந்த அவமானம் வேண்டாம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் எத்தனையோ பேர். பறையடித்து ஊருக்குச் சேதி சொல்லும் தண்டோராவையே 2022இல் தமிழக அரசு நிறுத்தச் சொன்னது. அதே பறைக்காக மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

(இதற்கு அப்புறம் பத்து நிமிஷம் குழுவில் சத்தமே இல்லை.)

நான்: தப்பு என்பதும் இதுதானே?

தம்பி: தஞ்சாவூர்ப் பக்கம் தப்பு, தப்பாட்டம். எங்கள் கல்லூரியில் புதிதாக வந்த ஒருவன் "தப்பு அடிக்க வா" என்றதும் பயந்து ஓடிவிட்டான்.

சித்தி: 🤣🤣

தம்பி: வேப்பமரத்தை மூன்று துண்டாக வளைவாய்ச் செதுக்கி, வட்டமாக இணைத்து, மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டுவார்கள். இடது கையில் நீளமாக, மெலிசாக மூங்கில் சிண்டுக்குச்சி. வலது கையில் குட்டையாக அடிக்குச்சி. முதல் வாரம் எனக்குச் சிண்டுக்குச்சி விரலிடுக்கில் நிற்கவே இல்லை, தோல் உரிந்துபோச்சு.

அத்தை: கை இப்போது எப்படி இருக்கிறது?

தம்பி: காய்த்துவிட்டது அத்தை.

பெரியப்பா: அது சரி, அடிப்பதற்கு முன்னால் தீயில் காய்ச்ச வேண்டாமா? தோல் விறைத்தால்தானே சத்தம் எழும்பும். மண்டபத்தில் விடுவார்களா?

தம்பி: ஐயோ, அதை யோசிக்கவே இல்லை. உள்ளே தீ மூட்டக்கூடாது என்று போர்டு பார்த்த ஞாபகம்.

நான்: ஃபைபர் பறை கொண்டுவரச் சொல். திருகாணியை முறுக்கினால் போதும், தீ வேண்டாம்.

தம்பி: அந்தச் சத்தம் வேறு அண்ணா. தோல்தான்.

அத்தை: மண்டபத்துக்குப் பின்னால் வாழைக்கட்டை போடுகிற காலி இடம் இருக்கிறது. அங்கே கொஞ்சம் வைக்கோல் வைத்துக் காய்ச்சிக்கொள்ளச் சொல். காவலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன். பந்தல் பக்கம் மட்டும் போகாதீர்கள்.