கன்னாவில் ஆப்பு இல்லை: ‘உரகனே’வுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய மர இழைப்புளியான கன்னாவைச் செய்யும் முறையைத் தமிழில் சொல்ல நாம் இதுவரை முன்வைத்த சொற்களில் பெரும்பாலானவை எனக்குச் சம்மதமே. அலகின் மேல் படியும் ‘உரகனே’ என்கிற இரண்டாவது தகட்டை ‘ஆப்பு’ என்று எழுதுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லை நம்பி, அலகைத் தாங்கும் மரக் கட்டையில் உளி வைப்பவர் கருவியையே கெடுத்துவிடுவார்.

நம் ஊர் மர இழைப்புளியில் அலகை இறுக்கிப் பிடிப்பது ஆப்பு. கன்னாவில் அப்படித் தனியாக ஒன்று கிடையாது, அலகேதான் ஆப்பு. தலைப்பக்கம் தடித்து, கூர்ப்பக்கம் மெலிந்து வருமாறு கொல்லர் அதை அடித்துத் தருகிறார். கட்டையின் உட்சுவர்கள் இரண்டிலும் சரிவாக வெட்டிய காடிகளுக்குள் இறங்கி அது இறுகிக்கொள்கிறது. அலகின் தலையில் தட்டினால் கூர் வெளியே வரும். அலகு சாய்ந்திருக்கும் பக்கத்துக் கட்டை முனையில் தட்டினால் பின்வாங்கும். மெய்ஜி காலத்துக்கு (1868–1912) முன் உரகனே இல்லாத ஒற்றை அலகுக் கன்னாதான் புழக்கத்தில் இருந்தது. அதிலும் அலகு அசையாமல்தான் நின்றது.

கட்டை செய்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பொருத்தத்துக்கே போகிறது. நன்றாக உலர்ந்த வெள்ளை ஓக் மரத்தை, பட்டைப் பக்கம் அடியாக வரும்படி எடுத்துக்கொள்வார்கள். மேலிருந்தும் கீழிருந்தும் உளியால் வாயைத் திறந்து, மெல்லிய ரம்பத்தால் காடியைக் கீறுவார்கள். அப்புறம் அலகின் முதுகில் மை தடவி, உள்ளே தட்டி, வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். அலகு சாய்ந்து படியும் சரிவான படுகையில் மை ஒட்டிய மேடுகளை மட்டும் துளித்துளியாகச் சீவிவிட்டு மறுபடியும் தட்டுவார்கள். முதுகு படுகையோடு முழுக்கப் படியும்வரை இதேதான். காடியின் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மரம் சுருங்கும்போது அகலவாக்கில் அலகு நெருக்கிக் கட்டை பிளந்துவிடும்.

சரி, உரகனே என்னதான் செய்கிறது? எதிர் ரேகை உள்ள மரத்தை இழைக்கும்போது, கூருக்கு முன்னாலேயே மரம் பிளந்துகொண்டு ஓடும், பரப்பு பிய்ந்துபோகும். உரகனே அலகின் மேல் படிந்து, கூருக்கு ஒரு மயிரிழை பின்னால் நிற்கிறது. சீவிய மரச் சுருள் மேலேறும்போது அதன் செங்குத்தான முனையில் முட்டி நிமிர்ந்து மடங்குகிறது. அதனால் பிளவு முன்னால் ஓடுவதில்லை. யமகாட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ இருவரும் இதை மிக நெருக்கத்தில் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். தகடு கூரிலிருந்து சுமார் 0.1 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போது சுருள் எப்படி மடங்குகிறது என்று அதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆகவே ‘சுருள்மடக்கி’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘சீவல் உடைப்பான்’ வேண்டாம். நன்றாக அமைத்த கன்னாவில் சீவல் உடையாமல் முழு நீளத்துக்கு வரும். ‘மடக்குத்தகடு’ நாக்குக்கு எளிதுதான், ஆனால் மடக்குக்கத்தி போலத் தானே மடங்கும் தகடு என்று பொருள்பட்டுவிடுகிறது. இங்கே மடங்குவது சுருள்.

கருவியின் பெயருக்கு வந்த ‘இழுப்புளி’ அழகான சொல், மறுக்கவில்லை. கன்னாவை இழுத்துத்தான் வேலை செய்கிறோம். ஆனால் பட்டறை இரைச்சலில் இழைப்புளிக்கும் இழுப்புளிக்கும் வித்தியாசம் காதில் விழாது. கருவியைக் கன்னா என்றே சொல்வோம், உறுப்புகளைத் தமிழில் சொல்வோம். கட்டைக்கான ‘தாய்’ (dai) என்கிற ஜப்பானியச் சொல்லை அப்படியே எழுதினால் அம்மா என்று படிக்கும் நமக்குக் ‘கட்டை’ போதும்.

படுகையின் சரிவுக்குச் ‘சாய்கோணம்’ என்பதைவிட ‘வாட்டம்’ பொருத்தம். ஜப்பானியத் தச்சர்கள் பாகையில் அளப்பதில்லை; பத்து சுன் (சுன் என்பது சுமார் 3 செ.மீ. ஜப்பானிய நீள அளவு) ஓட்டத்துக்கு எட்டு சுன் ஏற்றம் என்று சொல்கிறார்கள். பாகையில் சொன்னால் ஏறத்தாழ 39. தரைக்கு வாட்டம் விடுகிற கொத்தனாரும் ஓட்டம், ஏற்றம் என்ற இதே கணக்கைத்தான் போடுகிறார்.

மிச்சம் ‘உரதாஷி’. அலகு இரண்டு உலோகம் சேர்ந்தது: கூரில் எஃகு, அதன் முதுகில் மென்மையான இரும்பு. எஃகுப் பக்கம் குழிவாக இருக்கும். தீட்டித் தீட்டி அந்தக் குழி கூரை நெருங்கியதும், சாய்வாகத் தீட்டிய முகத்தில் தெரியும் மென்னிரும்பைச் சிறு சுத்தியலால் தட்டி எஃகை மறுபக்கம் லேசாகத் தள்ளுவார்கள். இதற்கு ‘குழிதூர்த்தல்’ என்று வந்த சொல் தவறான இடத்தைக் காட்டுகிறது. குழிக்குள் யாரும் எதையும் நிரப்புவதில்லை. ‘தட்டித்தள்ளல்’ என்று வைத்து, எஃகின் மேல் அடி படக்கூடாது, பட்டால் கூரில் விரிசல் விழும் என்பதை விளக்கத்திலேயே சேர்த்துவிடுவோம்.