ஆர்மோனியம் வாசிப்பவர் யாராவது இருக்கிறீர்களா?

சேலத்து நண்பர்களே, ஆடிப் பண்டிகைக்கு எங்கள் அம்மாபேட்டைத் தெருப் பிள்ளைகள் 14 பேர் பாட்டும் காமெடியுமாக ஒரு மணி நேர நிகழ்ச்சி போடுகிறார்கள். கதை, பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் படப்பிடிப்பில் நடக்கும் கூத்து. (1930களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கியது; ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவைப் பார்த்திருப்பீர்கள்.)

டைரக்டராக நடிக்கும் ஆறு வயதுப் பயல், ஜோக்கைச் சொல்லும் முன்பே சிரித்துவிடுகிறான். மை மீசை வியர்வையில் கரைந்து வாய்வரை வந்துவிடுகிறது. சரி, அதுவும் காமெடிதானே என்று விட்டுவிட்டோம்.

சிக்கல் இசையில்தான். கைதட்டலுக்குப் பிள்ளைகள் நின்றாலும் கரோக்கி நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்களைப் பார்த்து வாசிக்க ஆர்மோனியம், டோலக் ஆட்கள் வேண்டும். மூன்று மாலை ஒத்திகை. பஸ் செலவு, சாப்பாடு எங்கள் பொறுப்பு. அப்புறம், காலர் மைக் நாலைந்து வாடகைக்குக் கிடைக்குமா?