அக்காவின் புருவ டாட்டூ சிவந்துவிட்டது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. தைராய்டு பிரச்சினையால் அக்காவுக்குப் புருவ முடி ரொம்பவே கொட்டிவிட்டது. 4 வருடம் முன்பு ஒரு பார்லரில் புருவத்துக்கு டாட்டூ போட்டுக்கொண்டாள். அப்போது நல்ல காப்பிக்கொட்டை நிறம். இப்போது செங்கல் நிறம். வெளியே வரவே கூச்சப்படுகிறாள், பார்க்க மனசு கேட்கவில்லை.

படித்துப் பார்த்தேன். பழுப்பு மை பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் சேர்ந்த கலவை. வெயில் பட்டு எல்லாம் ஒரே வேகத்தில் மங்குவதில்லை; சிவப்பு இரும்பு ஆக்சைடு கடைசிவரை நின்றுவிடுகிறது. கார்பன் கறுப்பு மை தோலில் ஆழமாக இறங்கினால் நீலச் சாம்பலாகத் தெரியும். எதிர்வீட்டு அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது.

சரி, லேசரில் எடுத்துவிடலாம் என்றால் அங்கேதான் பயம். இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த மை லேசர் பட்டதும் சட்டென்று கறுத்துவிடலாம்.

யாராவது முதலில் சின்ன இடத்தில் சோதித்துவிட்டு லேசர் செய்தீர்களா? எத்தனை தடவை போக வேண்டியிருந்தது? மேலே வேறு நிறம் போட்டுச் சரிசெய்தவர்கள் இருந்தால், அது எவ்வளவு காலம் நின்றது? அடுத்த வாரம் தோல் மருத்துவரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.