வாயிற்காப்பாளர் புனித கொன்ராட்: 41 ஆண்டு வாசல் பணி

கேள்வி: பார்சாமின் கொன்ராட் குருப்பட்டம் பெற்றவரா? வாசலில் அவர் செய்த வேலைதான் என்ன?

பதில் 1: குரு இல்லைங்க, கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் சகோதரர். 1818 டிசம்பர் 22-ல் ஜெர்மனியின் பவேரியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் யோகான் பிர்ன்டோர்ஃபர். 1852-ல் வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்தார். பிறகு ஆல்ட்டோட்டிங் மடத்தின் வாசல்தான் அவர் உலகம். அது பெரிய மரியன்னைத் திருத்தலம். மணி ஓயாமல் அடிக்கும். திருப்பலி கேட்டு வருவோருக்காகக் குருக்களை அழைக்க வேண்டும், ஏழைகளுக்கு ரொட்டியும் பீரும் கொடுக்க வேண்டும். எத்தனை முறை அழைத்தாலும் முகம் சுளிக்க மாட்டார். அதுதான் பெரிய விஷயம்!

பதில் 2: படிக்கட்டின் கீழிருந்த சிற்றறையை விட்டுவிட்டீர்களே. அங்கிருந்து சிறு திறப்பு வழியாக நற்கருணைப் பேழை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம் வைக்கும் பெட்டி) தெரியும். கொஞ்சம் ஓய்வு கிடைத்தாலும் அங்கேதான் செபம்.

பதில் 3: தேதிகளில் பலர் குழம்புகிறார்கள். இறந்தது 1894 ஏப்ரல் 21, திருவிழாவும் அன்றே. புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டம் 1930-ல், புனிதர் பட்டம் 1934 மே 20-ல். இரண்டையும் வழங்கியவர் திருத்தந்தை பதினோராம் பயஸ்.