ஸ்பா ரிசார்ட் பேக்கேஜா, தனி ஹோட்டலும் வெளி ஸ்பாவுமா?

அரைநாள்லீவு:
வெளிநாட்டுல ஒரு வாரம், ரெண்டு பேர். கடல் கட்டாயம் இல்ல. மசாஜும் வெந்நீர்க் குளமும்தான் நோக்கம். எல்லாம் சேர்ந்த ஸ்பா ரிசார்ட் பேக்கேஜ் எடுத்தா கட்டுபடியாகுமா, இல்ல சாதாரண ஹோட்டல்ல தங்கிட்டு ஸ்பாவுக்கு வெளியே போறதா? காசும் வீணாகக் கூடாது, தினமும் அலையவும் முடியாது.

கணக்குப்பிள்ளை:
பேக்கேஜ் வேண்டாம். "தினம் ஒரு ட்ரீட்மென்ட் இலவசம்"னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, எத்தனை நிமிஷம்னு கீழே பொடி எழுத்துல இருக்கும். பெரும்பாலும் 25 அல்லது 30. முழு 60 நிமிஷ மசாஜ்லயே கால் கழுவுறது, படிவம் நிரப்புறது, உடை மாத்துறது, கடைசியில டீ எல்லாம் போக, உடம்புல கை படுறது 45–50 நிமிஷம்தான் பல இடங்கள்ல.

அடுத்தது "ஸ்பா கிரெடிட்", அதாவது ஸ்பாவுல செலவழிக்கன்னு பேக்கேஜ்ல தர்ற தொகை. அது ஆளுக்கா, அறைக்கா? இன்னிக்கு மிச்சமானது நாளைக்குச் சேருமா? காலை 10 முதல் மதியம் 2 வரைதான் செல்லும்னு நிபந்தனை இருக்கா? கிரெடிட்டை மெனு விலையில மட்டும்தான் கழிப்பாங்களா, தள்ளுபடி விலையிலயும் கழிப்பாங்களா? இந்த நாலையும் கேட்டுப் பாருங்க, பாதி பேக்கேஜ் பல் இளிச்சிடும்.

மூணாவது, விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி. சேவைக் கட்டணமும் வரியும் தனின்னு அர்த்தம். தாய்லாந்துல 10% சேவை, அந்தக் கூட்டுத்தொகை மேல 7% வரி. 100 போட்டது 117.70 ஆகும். பாலியில 10 மேல 10 ஏறி 121. ஒரு ரிசார்ட்டோட மொத்த விலையையும் இன்னொண்ணோட கூட்டல்குறி விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "இது மலிவு"ன்னு முடிவு பண்றவங்கதான் அதிகம்.

வெந்நீர்ப்பிரியை:
கணக்குப்பிள்ளை சார் சொன்ன நிபந்தனைகள் எல்லாம் உண்மை. அதற்காக "வேண்டாம்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட முடியாது, இடத்தைப் பொறுத்தது. மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். "வெளி ஸ்பா" என்ற பேச்சே கிடையாது. உள்ளே போனபின் மெனு விலைதான் விலை. 2025 ஜனவரி முதல் பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், ஜூலை முதல் சுற்றுலா வரி 17%. தீவுக்குக் கொண்டுபோகும் கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் ஓர் இரவு தலைநகரில் தங்கும் செலவு தலையில் விழும். அப்படிப்பட்ட இடத்தில் போக்குவரத்து, வரி, மசாஜ் எல்லாம் உள்ளடங்கிய ஒரே தொகைதான் நிம்மதி.

கணக்குப்பிள்ளை:
கேட்டவர் கடல் கட்டாயம் இல்லன்னு சொல்லியாச்சு. மாலத்தீவை எதுக்கு இழுக்கறீங்க? அங்கயும் மக்கள் குடியிருக்கிற தீவுகள்ல விருந்தினர் விடுதி இருக்கு. 50 அறை வரைக்கும் உள்ள விடுதிக்குப் பசுமை வரி 6 டாலர்தான். வழி இருக்குங்க.

வெந்நீர்ப்பிரியை:
விடுதி இருக்கிறது சார், அதில் வெந்நீர்க் குளம் இருக்கிறதா? சரி, கடலை விடுவோம். ஐரோப்பிய ஊற்று நகரங்களுக்கு வாருங்கள். 2021இல் யுனெஸ்கோ 11 ஊர்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது: செக் நாட்டின் கார்லோவி வாரி, மரியான்ஸ்கே லாஸ்னே, ஜெர்மனியின் பாடன்-பாடன், பிரான்ஸின் விஷி, இங்கிலாந்தின் பாத் முதலியவை. செக் நாட்டு ஹோட்டல்களில் மருத்துவர் பரிசோதனையோடு சிகிச்சைப் பேக்கேஜ் தருவார்கள். ஹோட்டலுக்குள்ளேயே குளம், சிகிச்சை அறை, சாப்பாடு. அரைநாள்லீவு கேட்ட "அலைய முடியாது" என்பதற்கு இதுதான் பதில்.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பேக்கேஜ்ல "வாரத்துக்கு இத்தனை சிகிச்சை"ன்னு எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க. வகை பிரிச்சுப் பாருங்க. ஆவி இழுக்கிறது ஒண்ணு, கார்பன் டை ஆக்சைடு வாயு நிரப்பின பைக்குள்ள இடுப்பு வரைக்கும் படுத்திருக்கிறது ஒண்ணு, ஊற்று நீர் குடிக்கிறது ஒண்ணு, எல்லாத்தையும் எண்ணிக்கையில சேர்த்துருவாங்க. ஆள் கை வச்சுச் செய்யுற மசாஜ் எத்தனை, எத்தனை நிமிஷம்? அதை மட்டும் எண்ணுங்க.

ஹங்கேரியில ஹேவிஸ் ஏரியைப் பாருங்க. நாலு ஹெக்டேருக்கு மேல வெந்நீர் ஏரி, கோடையில 33–36 டிகிரி, குளிர்காலத்துல 24 வாக்குல இறங்கும். டிக்கெட் வாங்கினா யாரும் இறங்கலாம். பக்கத்துத் தெருவுல எளிய அறை போதுமே. (கந்தகம் கலந்த தண்ணி, வெள்ளிக் கொலுசை கழட்டி வச்சுட்டுப் போங்க, கறுத்துரும்.)

குளோரின்மூக்கு:
ரெண்டு பேரும் விலையையே பேசறீங்க, தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "தெர்மல்", "வெல்னெஸ்"னு பலகை மாட்டிக் குழாய்த் தண்ணியைச் சூடாக்கி விடுற இடம் ஏராளம். ஜப்பான்ல 1948 சட்டப்படி வெந்நீர் ஊற்றுன்னு சொல்ல, பூமியிலிருந்து வர்ற இடத்துல 25 டிகிரியாவது இருக்கணும், இல்லைன்னா குறிப்பிட்ட தாதுக்கள்ல ஒண்ணாவது போதிய அளவு இருக்கணும். இந்த மாதிரி வரையறை இல்லாத நாட்டுல "ஊற்று எங்கே, நீர் ஆய்வு அறிக்கை இருக்கா"ன்னு நேரடியா கேளுங்க. உண்மையான ஊற்றுன்னா பெரும்பாலும் தாதுப் பட்டியலைச் சுவர்லயே மாட்டியிருப்பாங்க.

குமிழித் தொட்டி இன்னும் முக்கியம். வெதுவெதுப்பு, காத்து, நிறைய ஆட்கள்: நிமோனியா தர்ற லீஜியோனெல்லா கிருமிக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். நுரைக்கிற தண்ணியோட நுண்துளியை மூச்சுல இழுக்கிறதுதான் ஆபத்து. தொட்டியில குளோரின் குறைஞ்சது 3 பிபிஎம் (பத்து லட்சத்துல 3 பங்கு), பிஎச் (அமில-கார அளவு) 7 முதல் 7.8, வெப்பம் 40 டிகிரிக்குள்ள இருக்கணும். குளோரின், பிஎச் ரெண்டும் காட்டுற சோதனைப் பட்டை ஒரு டப்பா பெட்டியில போட்டுக்கோங்க. தண்ணியில முக்கி எடுத்து, டப்பா மேல இருக்கிற நிறத்தோட ஒப்பிட்டா போதும். மூக்கைத் துளைக்கிற "குளோரின் வாடை"யைச் சுத்தம்னு நினைக்காதீங்க. வியர்வை, சிறுநீரோட குளோரின் சேர்ந்து உண்டாகிற குளோரமைன் அது. நீர்மட்டத்துக்கு மேல குளத்துச் சுவர் டைல்ஸைத் தடவிப் பாருங்க. வழவழன்னு இருந்தா அடுத்த குளத்துக்கு நடையைக் கட்டுங்க.

வெந்நீர்ப்பிரியை:
நல்ல குறிப்பு. ஆனால் இதெல்லாம் போய்ச் சேர்ந்தபின் பார்ப்பது. முன்பதிவுக்கு முன்னால் கடந்த மூன்று மாத விமர்சனங்களில் "மூடியிருந்தது", "பராமரிப்பு", "ஆறிப்போன குளம்" என்று தேடுங்கள். புடாபெஸ்டின் கெல்லெர்ட் குளியல் நிலையம் 2025 அக்டோபரில் புதுப்பிக்க மூடப்பட்டது, வேலை சில ஆண்டுகள் பிடிக்கும். பழைய கட்டுரைகள் இன்னும் அங்கேதான் முதலில் போகச் சொல்கின்றன.

உடை விதியையும் பாருங்கள். ஜெர்மனியில் சானா என்னும் சூட்டு அறைப் பகுதியில் நீச்சலுடைக்கே அனுமதி இல்லாத இடங்கள் அதிகம். பாடன்-பாடனின் ஃப்ரீட்ரிக்ஸ்பாட் 1877 முதல் உடையில்லாக் குளியல்தான். பக்கத்திலேயே கரகலா என்ற குளியல் நிலையத்தில் நீச்சலுடையோடு குளங்களில் இறங்கலாம், சானா மட்டும் உடையில்லாமல். கூச்சம் என்றால் பாதி ஸ்பாவுக்குச் சும்மா காசு கட்டியதாகும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் சூட்டு அறைகளை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சரி, எண்ணை வச்சே பேசுவோம். நாணயம் எதுவானாலும் வழி ஒண்ணுதான். ரெண்டு பேருக்கு ஏழு இரவு பேக்கேஜ் 2,100னு வைங்க, வரி சேர்த்து. அதே ஊர்ல, அதே தரத்துல, அதே சாப்பாட்டோட சாதாரண ஹோட்டல் 1,400. வித்தியாசம் 700. கிடைக்கிறது தினம் ஆளுக்கு 30 நிமிஷம், மொத்தம் 7 மணி நேரம். மணிக்கு 100 விழுது. வெளியே மணிக்கு 65ன்னா எதுக்கு 100 கொடுக்கணும்?

வெந்நீர்ப்பிரியை:
குளத்தை விட்டுவிட்டீர்கள்! வெளியே தங்கினால் குளத்துக்கு நுழைவுச்சீட்டு ஆளுக்கு 12, இருவருக்கு ஆறு நாள் 144. டாக்ஸி போக வர நாளுக்கு 10, ஆறு நாளுக்கு 60. 700இல் 204 போனால் 496. ஏழு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 71. உங்கள் 65க்கும் இதற்கும் ஆறு ரூபாயோ ஆறு யூரோவோதான் வித்தியாசம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் அங்கி மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்குகிற வசதிக்கு அதைக் கொடுக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
இறங்குவாங்களான்னு பாருங்க. பதினாலு மசாஜையும் யாரும் முழுசா எடுக்கறதில்ல. அழுத்தி விட்ட மறுநாள் தசை வலிக்கும். உப்புத் தேய்ப்பு தினமும் செஞ்சா தோல் எரியும். ஒரு நாள் ஊர் சுத்தப் போயிடுவாங்க. எட்டு எடுத்தா 4 மணி நேரம். உங்க 496ஐயே நாலால வகுத்தா 124. எடுக்காததுக்குப் பணம் திரும்பாது.

வெந்நீர்ப்பிரியை:
அப்படியென்றால் எண்ணிக்கை குறைந்த பேக்கேஜை எடுக்க வேண்டியதுதான், வாரத்துக்கு மூன்று முழு மணி நேர மசாஜ் போல. பேக்கேஜையே ஒதுக்க அது காரணமில்லை.

குளோரின்மூக்கு:
இடையில ஒண்ணு: "ஆல் இன்க்ளூசிவ்"னா ஸ்பாவும் சேர்த்தின்னு நினைச்சு ஏமாறாதீங்க. அது சாப்பாட்டுக்கும் பானத்துக்கும்தான். துருக்கிக் கடற்கரை ரிசார்ட்டுகள்ல பெரும்பாலும் ஹமாம் (துருக்கி நீராவிக் குளியல் கூடம்), சானாவுக்குள்ள போறது இலவசம். தேய்ச்சு விடறதுக்குக் காசு தனி.

அரைநாள்லீவு:
ஊற்று நகரம், மூணு மசாஜ் உள்ள பேக்கேஜ் அல்லது வெளி அறை, ரெண்டையும் ஒப்பிடப் போறேன். ரிசார்ட்டுக்கு மெயில்ல என்ன கேட்கணும்?

கணக்குப்பிள்ளை:
வரியும் ஊர்த் தங்கல் வரியும் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு. மசாஜ்ல கை படுற நேரம் எத்தனை நிமிஷம். கடைசி நாள் அறையைக் காலி பண்ணின பிறகும் ஸ்பாவுல இருக்கலாமா. பதில்ல எண் இல்லாம "அற்புதமான அனுபவம்"னு வந்தா அடுத்த ரிசார்ட்டுக்கு எழுதுங்க. கார்டு தேய்க்கும்போது நம்ம நாணயத்துல வேண்டாம், அந்த ஊர் நாணயத்துலயே எடுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா மாத்து விகிதத்துல தனியா ஒரு பங்கு போயிடும்.

வெந்நீர்ப்பிரியை:
மசாஜ் நேரத்தைப் பதிவு செய்யும்போதே மெயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாலை 4 முதல் 7 வரை முதலில் நிரம்பிவிடும். போய்க் கேட்டால் காலை 9 மணிதான் கொடுப்பார்கள். வந்து இறங்கிய நாளில் போடாதீர்கள், விமானம் தாமதமானால் அந்த மசாஜ் போனது போனதுதான்.