புதுப்பிப்பு: அப்போ சர்வில் மணிக்கட்டுக்கு என்ன வேலை?

டென்னிஸ் சர்வின் வேகம் தரையை உதைக்கும் காலில் தொடங்கி, இடுப்பு, உடல், தோள் வழியாகக் கைக்கு ஏறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். “அப்போ மணிக்கட்டைச் சுண்டுவது எதற்கு?” என்று பலர் கேட்டீர்கள்.

சுண்டுவது போலத் தெரிவதில் பெரும்பங்கு மேற்கையின் உள்சுழற்சிதான், அதாவது தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதி தன் அச்சிலேயே உட்பக்கமாகச் சுழல்வது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வீடியோ வைத்து அளந்தபோது, ஆண் வீரர்களிடம் இது சராசரியாக நொடிக்கு 2,400 டிகிரியைத் தொட்டது. யோசித்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது!

ஸ்லோ மோஷனில் பாருங்கள். ராக்கெட் வெட்டுக்கத்தி மாதிரி விளிம்பைக் காட்டிக்கொண்டே பந்தை நோக்கி ஏறும். தொடுவதற்குச் சற்று முன்புதான் ராக்கெட்டின் தட்டையான முகம் பந்தின் பக்கம் திரும்பும். அடித்த பிறகும் சுழற்சி நிற்காது; வலக்கை ஆட்டக்காரரின் உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கும். மணிக்கட்டும் மடங்கத்தான் செய்கிறது, ஆனால் அதைத் தளர்வாக விட்டாலே போதும்.

அப்புறம், தோள்வலி பற்றிக் கேட்டவருக்கு: முழங்காலை மடக்காமல் அடித்தால் தோளுக்கும் முழங்கைக்கும் சுமை கூடும். அடித்தபின் கையை நிறுத்துவது தோளின் பின்புறத் தசைகள். அவற்றுக்கும் தவறாமல் பயிற்சி கொடுங்கள்.