லயத்து வீட்டுக்கு 55 இன்ச் டிவி சரிவருமா?

வணக்கம் அண்ணாமாரே, அக்காமாரே. எங்கள் வீடு ஹட்டன் பக்கம், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு). அப்பாவுக்கு கிரிக்கெட் பார்க்கப் பெரிய டிவி வேண்டுமாம். கதிரையிலிருந்து சுவர் வரை ஏழு அடிதான். 43 இன்ச் போதும் என்கிறார் மாமா, தம்பி 55-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறான்.

4கே டிவியில் 3840க்கு 2160 புள்ளிகள் இருப்பதால் ஏழடியில் 55-ம் கண்ணை உறுத்தாதுதான். என் கவலை வேறு. எங்களுக்கு வருவது டிஷ் சேனல்கள், பாதிக்கு மேல் எச்.டி. கூட இல்லை. அதை அவ்வளவு பெரிய திரைக்கு இழுத்தால் பந்து தெரியுமா, பஞ்சு தெரியுமா? வைத்திருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற பூ, கிளி வீடியோவை நான் நம்புவதாக இல்லை.

அப்புறம் மின்னல். பின்னேரம் இடி இடித்தால் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றிவிடுவோம். ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குத்தான், மின்னலுக்கு எதைப் போடுகிறீர்கள்? மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும், அதில் மாட்டலாமா, மேசையில் வைப்பதா?

பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காத மாடல், ஹட்டனிலேயே ரிப்பேர் செய்யக்கூடியது இருந்தால் சொல்லுங்கள். கண்டிக்குச் சுமந்துகொண்டு போக முடியாது.